ஆல்ஸ்பைஸ் டிராமும் கரம் மசாலாவும் ஒன்றில்லை

"ஓல்ட் மாங்க் ரம்மில் கரம் மசாலா போட்டு ஊறவைத்தால் ஆல்ஸ்பைஸ் டிராம் ரெடி, காக்டெயிலுக்கு 60 மி.லி. ஊற்றுங்கள்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு, தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். ஆல்ஸ்பைஸ் டிராம் என்பது ஜமைக்காவின் லிக்யூர், அதாவது இனிப்பு மது; அதற்கு ரம், சர்க்கரை, ஆல்ஸ்பைஸ் காய், இவைதான் அடிப்படை. ஆல்ஸ்பைஸ் கலவை மசாலா இல்லை, ஒரே மரத்தின் காய். பெங்களூரில் சிலர் பிரியாணியில் போடும் இலைக்காக வீட்டில் வளர்க்கிறார்களே, அந்த சர்வசுகந்தி மரம்தான். காயை லேசாக இடித்து ரம்மில் சில நாள் ஊறவிட்டு, வடிகட்டி, அப்புறம் சர்க்கரைப் பாகு சேர்க்க வேண்டும். கரம் மசாலாப் பொடியில் சீரகமும் மல்லியும் இருக்கும், சரியாக வடியவும் வடியாது.

அளவுதான் பெரிய தப்பு. 60 மி.லி. ரம்முக்கு இந்த டிராம் 7 மி.லி. போதும், எலுமிச்சை பிழிந்த டைக்கிரி என்ற ரம் காக்டெயிலில் அதற்கு மேல் போனால் கிராம்பு மாதிரி ஒரு காரம்தான் நாக்கில் நிற்கும், ரம் காணாமல் போய்விடும்.