பூனையை அனுப்ப முதல் வல்லாரையைக் கழுவுங்கள்

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையும் நாயும் கூடவே கூடாது என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் சிநேகிதிகளுக்குள் இப்போது இதே கதைதான். ஒருத்திக்கு ஐந்தாம் மாதம். பூனையை ஊருக்கு அனுப்பச் சொல்லி மாமி ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பயப்பட வேண்டியது, வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. பூனையின் மலத்தோடு வெளியே வந்தாலும், அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் எடுக்கும். ஆகவே பூனை மலம் கழிக்கும் மண் தட்டை வேறு யாராவது தினமும் துப்புரவாக்கினால் (கணவருக்கு நல்ல வேலை!) ஆபத்து நன்றாகக் குறையும்.

சரி, பூனையை அனுப்பியாச்சு என்றே வைப்போம். சந்தையில் மண்ணோடு வாங்கும் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறோமே, அதற்கு என்ன செய்வது? அந்த மண்ணிலும் அரைகுறையாக வெந்த இறைச்சியிலும் இதே ஒட்டுண்ணி இருக்கலாம். கீரையை நன்றாக அலசுவது, இறைச்சியை முழுதாக வேகவைப்பது பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லையே.

அப்புறம், நாயை ஏன் இழுத்தீர்கள்? இந்த ஒட்டுண்ணியின் முட்டைகளை மலத்தில் வெளியேற்றுவது பூனைக் குடும்பம் மட்டும்தான்.