ஈயக்குண்டில் என்ன கஞ்சத்தனம்?

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். மீன்பிடிக்கப் பினாங்கின் பத்து மாவுங்கில் படகு ஏறும்போதே தெக்கோங் (படகோட்டி) சொல்லிவிடுகிறார்: பௌர்ணமி, நீரோட்டம் கடுமை, எல்லாரும் தூண்டிலில் ஒரே எடையில் ஈயக்குண்டு கட்டுங்கள். யார் கேட்கிறார்கள்? முன்பக்கத்து அண்ணன் சுண்டுவிரல் அளவில் ஒன்றை இறக்குகிறார். அது எப்படி அடிமண்ணைத் தொடும்? நீரோட்டம் இழுத்துக்கொண்டு வந்து, பின்பக்கத்தில் நிற்கும் எங்கள் தூண்டில் நரம்பு அத்தனையிலும் சுற்றிவிடுகிறது. களவா மீன் கடித்து இழுக்கிற நேரத்திலா இது நடக்கவேண்டும்? யார் நரம்பு எது என்று தெரியாமல் கத்தியை எடுத்து வெட்டுகிறோம். மீன் பாறை இடுக்குக்குள் போய்விட்டது. அப்புறம், "இங்கே மீனே இல்லை" என்று தெக்கோங்கைத் திட்டுகிறார்கள்! களவா தரையை ஒட்டித்தானே கிடக்கும்? படகு வாடகைக்கு அவ்வளவு கொடுக்கிறீர்களே, நல்ல ஈயக்குண்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்?