மலையாளி என்றால் கேரளக்காரர் அல்ல

'ஏற்காட்டு மலையாளிகள் காபி எஸ்டேட்டுக்காகக் கேரளாவிலிருந்து கூட்டி வரப்பட்டவர்கள், லைன் வீடுகளே அவர்களுக்காகக் கட்டியவைதான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரை வைத்து முடிவு கட்டிவிட்டார் போல. இங்கே மலையாளி என்றால் மலையில் வாழ்பவர், அவ்வளவுதான். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் இங்கே காபி கொண்டுவந்தபோது, அவர்கள் ஏற்கெனவே இந்த மலையில் ராகியும் சாமையும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். அரசுப் பட்டியலிலும் பழங்குடியினர்தான்.

சரி, லைன் வீடு? துரை பங்களாவிலிருந்து தள்ளி, ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து அழைத்து வந்த கூலியாட்களைத் தங்க வைத்த இடம் அது. மலையாளிகளும் எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தார்கள்தான். ஆனால் அவர்களுக்குச் சொந்த ஊர் பக்கத்திலேயே இருந்தது.