"டொக்டர் மாதிரி வேலை செய்யலாமோ?"

ஏ.எல் பெறுபேறு வந்ததிலிருந்து எனக்கு வாற அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "தம்பிக்கு இசட் புள்ளி மெடிசினுக்குக் காணாது. நீங்கள் படிச்ச அந்த ஜெனெற்றிக்ஸ் எப்படி? பேந்து டொக்டர் மாதிரி வேலை செய்யலாமோ?"

ஏலாது. இது இரத்தத்தில் நிறமூர்த்தங்களையும் (குரோமோசோம்) பரம்பரையலகுகளையும் (ஜீன்) பார்த்து நோயின் காரணத்தைத் தேடுகிற ஆய்வுகூட வேலை. வெள்ளைக் கோட் இருக்கும், நோயாளி இருக்கமாட்டார். மெடிசினுக்குப் பதிலாக இதைப் பிடித்துக்கொண்டு வாற பிள்ளைகள் இரண்டாம் வருடத்தோடு சோர்ந்துபோவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதற்கென்றே வாற பிள்ளை வேற ரகம்.

ஒரு குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் என்று டொக்டர் முகத்தைப் பார்த்தே ஊகித்துவிடுவார். எந்த வகை என்பதை முகம் சொல்லாது. 21ஆம் நிறமூர்த்தம் தனித்தனியாக மூன்று நிற்கிறதா, அல்லது மேலதிகமானது 14ஆம் நிறமூர்த்தத்தோடு ஒட்டிக் கிடக்கிறதா? முதலாவது என்றால் அடுத்த பிள்ளைக்கும் வரும் சாத்தியம் குறைவு. ஒட்டிக் கிடந்தால் தாய் தகப்பனின் இரத்தத்தையும் பார்க்க வேணும். அவர்களில் ஒருவர் ஒரு குறையும் தெரியாமல் அதைக் காவிக்கொண்டு திரியலாம். இன்னொரு பிள்ளை பெறலாமா என்ற கேள்விக்கு டொக்டர் பதில் சொல்லுவார். அந்தப் பதிலுக்கான ஆதாரம் எங்கள் மேசையிலிருந்துதான் போகும்.

அந்த மேசையில் என்ன நடக்கிறது? பச்சை மூடிக் குழாயில், உறையாமல் இருக்க ஹெப்பரின் கலந்த இரத்தம் வரும். வெண்கலங்களை 37 பாகையில் மூன்று நாள் வளர்க்க வேணும் (மூன்று நாளும் கரண்ட் இருக்க வேணும், 2022இன் மின்வெட்டை மறந்திருக்கமாட்டீர்கள்). பிறகு கொல்செமிட் என்ற மருந்து போட்டு, கலம் பிரிகிற நடுக்கட்டமான அனுவவத்தையில் மறித்து, பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் கலங்களைப் பருக்கவைத்து, மெதனோல் மூன்று பங்கும் அசற்றிக் அமிலம் ஒரு பங்கும் சேர்த்து நிலைப்படுத்தி, கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி விடுவோம். அந்தத் துளியில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் அது ஆறுதலாகக் காய்ந்து நிறமூர்த்தங்கள் அளவுக்கு மிஞ்சிப் பரவிவிடும். வரண்ட காற்றில் சட்டென்று காய்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மாரிக்கு ஒரு கைப்பக்குவம், கோடைக்கு இன்னொன்று. ரியூசனில் இதைப் படிப்பிக்க ஏலாது.

திரிப்சின் நொதி, கீம்சாச் சாயம் முடிந்தால் நிறமூர்த்தங்கள் வரி வரியாகத் தெரியும். சோடி சேர்ப்பது, நல்லூர்த் தேர் முடிந்து வாசலில் குவிந்த செருப்புக்குள் எங்கட சோடியைத் தேடுகிற வேலைதான். வழக்கமாக 20 கலங்கள் பார்ப்போம். இருபதாவதையும் முதலாவதைப் போலவே பார்க்கிற குணம் உள்ள பிள்ளைக்குத்தான் இந்தப் படிப்பு.

மனிதனுக்கு 48 நிறமூர்த்தம் என்றுதான் பல வருடங்களாகப் புத்தகங்களில் இருந்தது. 1956இல் சுவீடனிலிருந்து அல்பேர்ட் லெவானோடு சேர்ந்து அதை 46 என்று திருத்தி எழுதிய ஜோ ஹின் ஜியோ, ஜாவாவில் பிறந்து விவசாயம் படித்தவர். டொக்டர் இல்லை.

தெல்லிப்பழைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வாற குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒருவகை இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறிக்கொள்ளும். அதைக் கண்டால்தான் இமற்றினிப் குளிசை. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து அது. குளிசை வேலை செய்கிறதா என்று பிசிஆரில் தொடர்ந்து பார்ப்பதும் இந்தத் துறைதான். 2020இல் எங்கட யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலேயே கொரோனாவுக்குப் பிசிஆர் செய்தார்கள். இங்கே ஏலாது என்று இனி ஒருத்தரும் சொல்லவேண்டாம்.

இங்கே இது தேவை என்று நான் அடித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம், எங்கட கலியாணங்கள். தமிழ்நாட்டில் சில சமூகங்களில் உள்ளதுபோல் தாய்மாமனைக் கட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மச்சான் மச்சாள் உண்டு. அவர்கள் பரம்பரையலகுகளில் சராசரி எட்டிலொரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பவர்கள். இருவரும் ஒரே பழுதைக் காவினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நோய் வர நாலில் ஒரு சாத்தியம். "சொந்தத்துக்குள்ளையோ கட்டினீங்கள்?" என்றால் "சாச்சாய், தூரத்துச் சொந்தம்" என்பார்கள். ஒன்றுவிட்டதா இரண்டுவிட்டதா என்று மாமி, பெரியப்பா பெயர் சொல்லி இழுத்தால்தான் உண்மை வெளிவரும். பிறகு மெதுவாக, "ரிப்போட்டை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதேங்கோ, தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுறம்." காவுபவர் நோயாளி இல்லை என்பதை எத்தனை தரம் சொல்லியும் ஏறுவதில்லை. பரம்பரையாக வாற இரத்தச்சோகையான தலசீமியாவிலும் இதே கதைதான்.

சரி, எங்கே படிப்பது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கிறது. கிடைத்தால் அதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புங்கள், காசும் மிச்சம். வெளிநாடு என்றால் ஏஜென்ற் காட்டுகிற கட்டடப் படத்தை விட்டுவிட்டு, இயங்குகிற ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எத்தனை மாதம் நிற்கவிடுவார்கள் என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் அது பெயர் மாற்றிய பயோரெக்னோலொஜி. அமெரிக்காவில் படித்தாலும் பட்டத்தோடு தனியாகச் சான்றிதழ்ப் பரீட்சை இருக்கிறது. திரும்பிவந்து வேலை செய்கிற எண்ணமென்றால், அந்தப் பட்டத்துக்கு இலங்கை மருத்துவச் சபை பதிவு தருமா என்று எழுத்தில் கேட்டு, பதில் கைக்கு வந்தபிறகு காசைக் கட்டுங்கள்.