பட்டனை அழுத்துவதற்கு முன்னால்

பள்ளிக்கூடத்துக்குள் தொழில்நுட்பம் வந்தால் வாத்தியார் வேலைக்கே உலை என்று ஒரு கூட்டம் பயப்படுகிறது. ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டால் பிள்ளைகள் தானாகப் படித்துக்கொள்வார்கள் என்று இன்னொரு கூட்டம் நம்புகிறது. நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போய்வருகிறேன். பார்த்த வரையில் இரண்டு கூட்டமும் திரையைப் பற்றியே பேசுகிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

என் கட்சி இதுதான். திரையில் ஒன்று நடப்பதற்கு முன்னால் “என்ன ஆகும், சொல்லுங்க பார்ப்போம்” என்று நிறுத்திக் கேட்க இடம் இருந்தால் அது பாடம். அந்த இடம் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வீடியோவாக இருந்தாலும் வீட்டில் ஓடும் டிவிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

2018இல் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு இருந்தது. முதலில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு, அடுத்த ஆண்டு மற்றவற்றுக்கு. அதற்குள் இருக்கும் வீடியோக்களில் நல்லவை நிறைய உண்டு. ஆனால் பின் பெஞ்சில் உட்கார்ந்து அப்படி ஒரு வீடியோ வகுப்பைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். ஓர் அசைவு இல்லை, ஒரு சத்தம் இல்லை. யாராவது அதிகாரி எட்டிப் பார்த்திருந்தால் ‘என்ன ஒழுக்கமான வகுப்பு’ என்று பாராட்டிவிட்டுப் போயிருப்பார். வீடியோ முடிந்ததும் என் பக்கத்தில் இருந்த பையன் கேட்டது: “அடுத்து இன்னா போடுவாங்க மிஸ்?”

இனி நான் எடுத்த மின்சுற்றுப் பாடத்துக்கு வருகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ (PhET) என்ற, திரையிலேயே அறிவியல் சோதனை செய்து பார்க்கும் இலவசச் செயலிகள் ஆசிரியர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் நெட் வரும் நேரம் அதன் இஷ்டம் என்பதால் பென் டிரைவில் எடுத்துப் போனேன். ஒரு சிஸ்டத்துக்கு மூன்று நான்கு பேர். பேட்டரி, ஒயர், பல்பு, சுவிட்ச் எல்லாம் திரையில் ஓரமாக இருக்கும். இழுத்துப் போட்டு இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் சொல்லிக்கொடுப்பதற்குள் ஒரு குழு பல்பே இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒயரால் இணைத்துவிட்டது. திரையில் தீப்பிடித்தது. அவ்வளவுதான், லேப் முழுக்க ஒரே கூச்சல். எல்லோருக்கும் தீ வேண்டும். சரி, கொளுத்தட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டேன். நிஜ லேபில் எந்த ஆசிரியர் இதற்கு அனுமதி கொடுப்பார்? அப்புறம் கேட்டேன், ஏன் பற்றிக்கொண்டது? ஒரு பெண் சொன்னாள்: “பல்பு இல்ல மிஸ். கரண்டுக்கு நடுவுல வேலையே இல்ல, அப்டியே ஓடுது. அதான்.” கரண்ட் ஓடுவதைத் தடுக்கும் ‘மின்தடை’ என்ற சொல்லை இதைவிட நல்ல நேரத்தில் கரும்பலகையில் எழுத முடியாது. எழுதினேன்.

அடுத்து, இரண்டு பல்பை ஒரே வரிசையில் போடச் சொன்னேன். ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று என்ன ஆகும்? மவுஸில் கை வைக்காமல் முதலில் நோட்டில் எழுதுங்கள் என்றேன். இன்னொரு பல்பு பிரகாசமாக எரியும் என்று பாதிப் பேர் எழுதினார்கள். மிச்சம் இருக்கும் கரண்ட் முழுக்க அதற்குத்தானே என்பது அவர்கள் கணக்கு, நியாயமான கணக்குதான். அப்போது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், “எப்டி மிஸ் எரியும்? சீரியல் செட்ல ஒண்ணு போனா அந்த வரிசையே போயிடும். எங்க மாமா மைக் செட் வெச்சிகீறாரு. சிரசு திருவிழா அப்போ போன பல்பைத் தேடிகினே இருப்பாரு” என்றான். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு என்றால் தெருவுக்குத் தெரு சீரியல் பல்புதான். உடனே இன்னொருவன், “அப்போ வீட்டுல டியூப்லைட் போனா ஃபேன் ஏன் நிக்கல?” என்றான். ஒவ்வொன்றுக்கும் தனி வழி போடும் பக்க இணைப்பு என்ற பாடத்தை அந்தக் கேள்வியே தொடங்கி வைத்துவிட்டது.

இதில் கம்ப்யூட்டரின் பங்கு எவ்வளவு, மைக் செட் மாமாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு வீடியோ ஓடியிருந்தால் அந்தப் பையன் பேசியிருக்க மாட்டான் என்பது மட்டும் உறுதி.

இதோடு நிறுத்தினாலும் போதாது. மறுநாள் டார்ச் செல், ஒயர், சின்ன பல்பு எல்லாம் வாங்கிப் போய்க் கையில் கொடுத்தேன். ஒயர் தோலைப் பல்லால் கடித்து உரித்தார்கள். (கத்தரிக்கோல் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?) லூஸ் கனெக்‌ஷன், பழைய செல்லுக்கு மங்கலாக எரியும் பல்பு, கொஞ்ச நேரத்தில் சூடாகும் ஒயர். திரையில் ஒயரை இழுத்துப் போட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும், நிஜத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதையும் பார்த்தால்தான் பாடம் முழுமை ஆகும்.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று காலையில் கம்பெனி வேன் வரும், அம்மா ஏறிப் போவார், போனும் கூடவே போகும். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து, சமையல் முடிந்து, அந்த ஒரே போனுக்கு காலேஜ் போகும் அக்கா, கேம் ஆடும் தம்பி, அப்புறம்தான் நம் வீடியோ. அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். ‘எல்லா வீட்டிலும்தான் போன் இருக்கே’ என்று சொல்பவர்கள் அது எத்தனை மணிக்கு யார் கையில் இருக்கிறது என்றும் விசாரிக்கட்டும். ஜவ்வாது மலைப் பக்கம் டவருக்காக மேட்டில் ஏறி நிற்கும் பிள்ளைகளின் கதை தனி.

நான் பாடம் எடுத்த இந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 2020-21இல் மூன்றாம் வகுப்பு. அந்த ஆண்டு முழுக்க அவர்களுக்குப் பள்ளியே திறக்கவில்லை. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1இல்தான். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்த நேரத்தில் பெரிய ஆறுதல், அதை மறுக்கவில்லை. ஆனால் டிவியிடம் “மிஸ், புரியல” என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளி இன்றைக்கும் வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டும் பிள்ளைகளிடம் தெரிகிறது.

ஆசிரியர்கள் கையில் இருக்கும் தொழில்நுட்பத்தைப் பாருங்கள். காலையில் ஆப்பில் வருகைப்பதிவு, அப்புறம் எமிஸ் என்ற அரசுத் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், நடுவில் வாட்ஸ்அப் குழுவில் ‘உடனடியாக’ என்று வரும் படிவம். சிக்னலுக்காக ஜன்னல் ஓரம் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “கணக்குக் குடுக்கத்தாம்மா போன் கத்துக்கிட்டேன், பாடம் நடத்த யாரும் சொல்லித்தரல.”

எங்கள் பி.எட். மட்டும் என்ன வாழ்கிறதாம்? தொழில்நுட்பப் பாடத்தின் ரெக்கார்டைக் கையால் எழுதி, பார்டர் போட்டு, ஸ்கெட்சால் தலைப்பு எழுதி வைக்கிறோம். 2015 முதல் படிப்பை இரண்டு ஆண்டாக்கி, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி என்று வைத்தது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பயிற்சியில் கம்ப்யூட்டர் லேபில் ஒரு வகுப்பாவது எடுத்தே ஆக வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சார்ட்டுக்கு மதிப்பெண் உண்டு.

லெசன் பிளானை ஏஐயிடம் எழுதி வாங்குவது இப்போது சகஜம். தோழி ஒருத்திக்கு வெப்பம் பாடத்துக்கு அது கொடுத்த உதாரணம், பனி பெய்யும் காலையில் கம்பளிக் கோட்டு போடுவது. வேலூர் வெயிலில், மே மாதம் தார் ரோட்டில் செருப்பில்லாமல் ஓடிய பிள்ளைகளுக்கு! சிரித்துவிட்டு மாற்றி எழுதினாள். மாற்றத் தெரிந்தவளுக்கு அது உதவிதான்.

அடுத்து டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, அப்புறம் வேலை எப்போதோ. கிடைக்கும் பள்ளியில் நான் கேட்கப்போவது பெரிதாக ஒன்றும் இல்லை. பெரும்பாலான அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. ஆன்லைன் தேர்வும் பதிவேற்றமும் போக, வகுப்புக்கு வாரம் ஒரு பீரியடாவது டைம் டேபிளில் எழுதி அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். செல்லும் ஒயரும் வாங்க ஒரு சின்னத் தொகை, கூடவே லேப் சாவி எந்த மேஜையில் இருக்கிறது என்ற தகவல். ஏற்கெனவே இப்படி நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் இருந்தால் உங்கள் பள்ளியில் டைம் டேபிளை எப்படி ஒப்புக்கொள்ள வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எனக்கு அந்த வித்தைதான் தெரிய வேண்டும்.