மியூசிக் டிகிரின்னா 1 லட்சம் டாலர் கடனா? அந்த ஃபார்வர்ட் தப்பு

"அமெரிக்கால மியூசிக்ல பேச்சலர் டிகிரி முடிச்சா 1 லட்சம் டாலர் கடன், அரசாங்கத்தோட காலேஜ் ஸ்கோர்கார்ட்லயே போட்டிருக்கு"ன்னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. தப்புங்க. காலேஜ் ஸ்கோர்கார்ட்ங்கிறது எந்த காலேஜ்ல எந்த கோர்ஸ் படிச்சா எவ்ளோ கடன், எவ்ளோ சம்பளம்னு காட்டுற அரசாங்க வெப்சைட். அதுல காட்டுற மீடியன் கடன் (எல்லாரையும் வரிசைப்படுத்தினா நடுவுல நிக்கிறவரோட கடன்) ஸ்டூடண்ட் பேர்ல இருக்குற ஃபெடரல் லோன், அதாவது அமெரிக்க மத்திய அரசு குடுக்குற கடன் மட்டும்தான், அந்த லோனுக்கு உச்சவரம்பு இருக்கு, பெத்தவங்கள சார்ந்து இருக்குற பையனோ பொண்ணோ யூஜி முடிக்கிற வரைக்கும் மொத்தமா 31,000 டாலர், தனியா நிக்கிறவங்கன்னா 57,500, அப்புறம் 1 லட்சம் எங்கருந்து வரும்?

அதுக்காக கடன் கம்மின்னு நெனச்சுக்காதீங்க. பிரைவேட் லோன் அதுல சேராது, அப்பா அம்மா எடுக்குற பேரண்ட் ப்ளஸ் லோன தனியாத்தான் காட்டுவாங்க, ஆக வீட்டு மேல விழற பாரம் அந்த நம்பர விட கூடவே இருக்கலாம்.

ஸ்கோர்கார்ட் காட்டுற சம்பளக் கணக்குலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஃபெடரல் உதவி வாங்கினவங்க வருமானம் மட்டும்தான் அதுல வரும், அந்த உதவி வாங்காம சொந்தக் காசு கட்டிப் படிச்ச பசங்க கணக்குலயே இல்ல. இன்னொன்னு, ஸ்கூல்ல பாட்டு வாத்தியார் ஆகுறதுக்கான மியூசிக் எஜுகேஷன் கோர்ஸ் 'மியூசிக்' தலைப்புல வராது, டீச்சர் ட்ரெய்னிங் தலைப்புக்குப் போயிடும் (எனக்கே இது ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது), அதனால மாசச் சம்பளம் வாங்குற ஒரு பெரிய கூட்டம் அந்த மியூசிக் சம்பள மீடியன்லயே இருக்காது.

எல்லா மியூசிக் காலேஜும் ஃபீஸ் வாங்குதுன்னும் இல்ல: ஃபிலடெல்ஃபியால இருக்குற கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட்ங்கிற மியூசிக் காலேஜ்ல 1928லருந்து டியூஷன் ஃபீஸே கிடையாது, சீட்டு கெடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு.