"சிறு பிள்ளைகளை அழைத்து வருவதைத் தவிர்த்துக்கொள்ளவும்"

கடந்த வாரம் திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றின் ஆரம்பப் பிரிவில் திறந்த நாள் நடைபெற்றது. மூன்றாம் தரத்தில் படிக்கும் என் பேத்தி கொண்டுவந்த அறிவித்தலில் நேரம், இடம், வகுப்பறைகளைப் பார்வையிடும் ஒழுங்கு எல்லாம் தெளிவாக இருந்தன. கடைசியில், அடிக்கோடிட்டு, மேலே நான் தலைப்பாக இட்டிருக்கும் வரியும் இருந்தது. அதைக் கண்டு கோபப்படும் உரிமை எனக்கு முழுமையாக இல்லை. ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்த காலத்தில் இதே வரியை என் கையாலேயே பல தடவை எழுதியிருக்கிறேன். ரோனியோவில் பிரதி எடுத்த நாட்களிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் நாட்கள் வரை அது ஒரு சொல்லும் மாறாமல் வந்திருக்கிறது.

மகள் வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்குக் காலைக் கடமை. மருமகன் கட்டாரில். பேத்திக்காகப் போக வேண்டியவள் நான்தான். நாலேகால் வயதுப் பேரனை விட்டுவிட்டுப் போவதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆகவே அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் என்னைப் போலவே பலர் இருந்தார்கள். திருக்கடலூரிலிருந்து வந்திருந்த ஒரு தாய், மடியில் கைக்குழந்தையும் பக்கத்தில் இன்னொரு பிள்ளையுமாக, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னரே குற்றம் செய்தவர் போலக் கடைசி வாங்கில் ஒதுங்கியிருந்தார். கணவர் கடலுக்குப் போயிருக்கிறார் என்றார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உள்ளவர்கள் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். அந்த வரியை வாசித்துவிட்டு வராமலே நின்றுவிட்டவர்களை "அக்கறையில்லாத பெற்றோர்" என்று பாடசாலை எழுதி வைத்துக்கொள்ளும். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

அந்த வரிக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் பல நாள் மினக்கெட்டுச் செய்த களிமண் யானையின் தும்பிக்கையை இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஒரே இழுவையில் கையோடு கொண்டுபோனதை நான் பார்த்திருக்கிறேன். யானையைச் செய்த சிறுவன் அன்று அழுத அழுகையையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று இதைவிட முக்கியமானது. தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் ஆசிரியர் ஒரு பிள்ளையின் குறைபாட்டைப் பெற்றோரிடம் தனித்துப் பேசும்போது, தம்பியோ தங்கையோ பக்கத்தில் நிற்பது சரியல்ல. "அக்காவுக்குக் கணக்கு வராதாம்" என்ற செய்தி அன்று மாலையே வேலிக்கு அப்பால் உள்ள பெரியம்மா வீட்டுக்குப் போய்விடும். அந்தச் சந்திப்புக்குச் சிறு பிள்ளைகள் வேண்டாம் என்றால் நான் முழுமையாக ஒத்துக்கொள்வேன். நாம் செய்யும் பிழை, அந்த நாளுக்கு எழுதிய வரியைத் திறந்த நாளுக்கும் அப்படியே எடுத்து ஒட்டிவிடுவதுதான்.

தரம் ஒன்று அனுமதியை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 31 ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதைத் தவிர, அந்த நடைமுறை முழுவதிலும் பிள்ளையைப் பற்றிய கேள்வி அநேகமாக ஒன்றுமில்லை. பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு 50 சதவீத இடம் என்பதால் வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, மின்சாரப் பட்டியல் எல்லாம் கோப்பில் ஏறுகின்றன. தகப்பன் அந்தப் பாடசாலையின் பழைய மாணவரா, அக்கா அங்கே படிக்கிறாளா என்று பார்க்கப்படுகிறது. உவர்மலையில் குடியிருக்கும் பெற்றோர் பாடசாலை வாயிலிலிருந்து தங்கள் வீட்டுக்கு எத்தனை மீற்றர் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அங்கே ஏறி இறங்கப் போகும் பிள்ளைக்கோ அந்த வாயிலுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது. புதிய பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவன்று மாலை போட்டு, பாண்ட் வாத்தியம் முழங்க, ஒலிபெருக்கி அலற உள்ளே கொண்டுபோகும்போதுதான் முதன்முதலாகக் காண்கிறது. அது அழாமல் என்ன செய்யும்?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தரம் ஒன்று பிள்ளைகளின் முதல் நாள் அழுகையைக் கேட்டவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அம்மாவைப் பிரிவதற்காக அழும் பிள்ளையைவிட, மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று தெரியாததற்காக, மணிச் சத்தம் எதற்கு என்று புரியாததற்காக அழும் பிள்ளைகளே அதிகம். அண்ணனையோ அக்காவையோ ஏற்றி இறக்க வந்து பழகிய பிள்ளைகள் முதல் நாளே புத்தகப் பையைக் கொழுவிவிட்டு வாங்கில் போய் இருந்துவிடுவார்கள். 2020 ஜனவரியில் சேர்ந்த பிள்ளைகளை நான் மறக்கவே மாட்டேன். மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, வயது கூடியிருந்தும், அவர்களில் பலர் முதல் நாளைப் போலவே அழுதார்கள், இடம் மறந்துபோயிருந்தது.

பாடசாலையை மூடிவைக்கும் பழக்கம் நம்மிடம் சும்மா வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். யுத்த காலத்தில் பெற்றோர் வாயிலோடு நின்றுவிடுவதே எல்லோருக்கும் பாதுகாப்பு என்று நினைத்தோம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் பெற்றோர் முறைவைத்து வாயிலில் நின்று புத்தகப் பைகளைச் சோதித்தார்கள். அச்சம் குறைந்த பின்னரும் பூட்டு மட்டும் மிஞ்சிவிட்டது. ஆனாலும் சிறுவர் சந்தை நடக்கும் நாளில் அதே வாயில் அகலத் திறக்கிறது. கத்தரிக்காயும் கீரைப்பிடியும் விற்கும் அண்ணன்மாரிடம் சில்லறைக் காசோடு வரும் மூன்று வயதுக்காரரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. வாடிக்கையாளர் அல்லவா!

பெற்றோர் பக்கத்துப் பிழைகளையும் சொல்லாமல் விட முடியாது. திறந்த நாளைத் தங்கள் பிள்ளையின் அரங்கேற்றமாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "ரீச்சருக்கு ஏ பி சி டி சொல்லிக் காட்டுங்கோ பார்ப்பம்" என்று தூண்ட, பிள்ளை சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைக்க, "வீட்டில நல்லாச் சொல்லுவான், ரீச்சர்" என்று விளக்கம் சொல்ல, மூவருக்குமே அது வேதனை. அதைவிட மோசமானது, "குழப்படி செய்தால் இந்த ரீச்சரிட்டப் பிடிச்சுக் குடுத்திடுவன்" என்ற மிரட்டல். அடுத்த ஜனவரியில் அந்த ரீச்சரிடம்தான் பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அழத் தொடங்கினால் கைப்பேசியை நீட்டாமல் மரநிழலுக்குக் கொண்டுபோங்கள். பேச்சில் பாதியைத் தவறவிட்டால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை.

பேச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. அன்று அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர், அதன் பின்னர் இன்னுமொருவர் என்று ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பேசினார்கள். நம்மூர் வெயிலில், தகரக் கூரை மண்டபத்தில், பெரியவர்களே நெளிந்துகொண்டிருக்கும்போது குழந்தைகளின் சத்தத்தை மட்டும் குறையாகச் சொல்வது நியாயமாகப் படவில்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி, கால் மணித்தியாலத்தில் வரவேற்பை முடித்து, வகுப்பறைகளைத் திறந்துவிடலாம். ஓர் அறையில் பாய் விரித்து, களிமண்ணும் நிறக்கட்டிகளும் வைத்து, பத்தாம் தரத்து அக்காமார் சிலரை அங்கே இருக்கச் செய்தால் செலவு ஏதுமில்லை. தாய்மார் ஆசிரியரோடு நிம்மதியாகப் பேசலாம். களிமண் யானைகளும் தப்பும்.

பேரன் அன்று பாடசாலைக்குள் வரவே மறுத்தான். வாயிலுக்கு எதிரே மதிலோரம் இரண்டு புள்ளிமான்கள் கடதாசி மென்றுகொண்டு நின்றன. அவை போனபிறகுதான் அசைந்தான். உள்ளே போனதும் தரம் ஒன்று வகுப்பறையின் சிறு கதிரையில் ஏறி இருந்து பார்த்தான், கால் நிலத்தில் முட்டியது. தண்ணீர்க் குழாயைத் தானே திறந்து மூடினான். திரும்பி வரும்போது ஓட்டோவில், "அம்மம்மா, அந்தக் குழாய் எனக்கு எட்டுது" என்றான். வீட்டுக்கு வந்து தாயிடமும் அதையே சொன்னான். பாடசாலையைப் பற்றி அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான் போலும்.

மறுநாள் அதிபரைச் சந்தித்து, அடுத்த ஆண்டு அறிவித்தலில் அந்த இடத்தில் போடத்தக்க வரி ஒன்றை எழுதிக் கொடுத்தேன்: "தரம் ஒன்றுக்கு வரவிருக்கும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், தண்ணீர்ப் போத்தலும் மாற்றுடுப்பும் கொண்டு வாருங்கள்." அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, மாற்றுடுப்பை மட்டும் பேனையால் வெட்டிவிட்டு, தாளை மடித்துத் தம் மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்.